28 நிமிட மலை

வேகத்துக்குப் பேர் போன வண்டிகளில் கிளம்பி, நிதானம் கற்றுத் திரும்பிய ஒரு வார இறுதி

ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணி. திருப்பதி அடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடி. பைகளைத் திறந்து காட்டிவிட்டு ஒன்பது மோட்டார் சைக்கிள்களும் வரிசையாக நின்றன. திருமலைக்கு ஏறும் பாதை சுமார் 18 கிலோமீட்டர். நல்ல சாலை. ஒருவழிப் பாதை என்பதால் எதிரே வண்டி வராது. எங்கள் குழுவில் எந்த வண்டியும் இதை இருபது நிமிடத்தில் முடித்துவிடும். ஆனால் தேவஸ்தானத்தின் கணக்கு வேறு. ஏறக் குறைந்தது 28 நிமிடம், இறங்க 40 நிமிடம். அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால் அபராதம். தாமதத்துக்கு அபராதம் கட்டிப் பழகிய நமக்கு, சீக்கிரம் வந்ததற்குத் தண்டனை என்பது விசித்திரமாகத்தான் இருக்கும்.

"பெட்ரோல் போட்டு வந்தது ஊர்வலம் போகவா அண்ணா?" என்று முணுமுணுத்தார் குழுவின் இளையவரான மென்பொருள் ஊழியர். வயது 23. அண்ணா என்று எல்லோரும் அழைப்பது குழுவை நடத்தும் 58 வயது ஓய்வுபெற்ற வங்கி ஊழியரை. அவர் பதில் சொல்லவில்லை. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கிளம்பினார்.

முந்தின நாள் விடியும் முன்பே சென்னையை விட்டிருந்தோம். கடல், மலை இரண்டையும் இரண்டே நாளில் பார்த்துவிட வேண்டும் என்பது திட்டம். அதற்கு வசதியாக அமைந்திருக்கிறது ஆந்திர வரைபடம். 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதியைப் பிரித்துத் தனி மாவட்டமாக்கியபோது, நெல்லூர் பக்கத்திலிருந்து சூளூர்பேட்டையையும் அதனுடன் சேர்த்தார்கள். ஏழுமலையும் பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதியும் இப்போது ஒரே கலெக்டரின் கீழ்.

கூட்டமாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கு இலக்கணம் உண்டு. முதல் வண்டி வழியையும் வேகத்தையும் தீர்மானிக்கும். கடைசி வண்டி யாரையும் முந்தாது. யாராவது பஞ்சராகி நின்றால் அவருடன் அதுவும் நிற்கும். நடுவில் இருப்பவர்கள் நேர்க்கோட்டில் போகாமல், ஒருவர் சாலையின் வலப்புறம், அடுத்தவர் இடப்புறம் என்று மாறி மாறிப் போக வேண்டும். முன்னால் இருப்பவர் திடீரென்று பிரேக் போட்டால் ஒதுங்க இடம் கிடைக்கும். அனுபவம் குறைந்தவருக்கு இரண்டாவது இடம். அவரால் முடிந்த வேகம்தான் குழுவின் வேகம். நம் இளைஞருக்கு அந்த இடத்தைத்தான் கொடுத்திருந்தார் அண்ணா. இளைஞருக்கு அது கௌரவக் குறைச்சல்.

கல்கத்தா நெடுஞ்சாலையில் தடாவைத் தாண்டிச் சூளூர்பேட்டையில் வலது பக்கம் திரும்பினால் ஸ்ரீஹரிகோட்டா சாலை. ராக்கெட் தளத்துக்குப் போகும் இந்தச் சாலை பழவேற்காடு ஏரியின் குறுக்கே போடப்பட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர். உப்புக் காற்று பக்கவாட்டில் அறைகிறது. வண்டியை லேசாகக் காற்றின் பக்கம் சாய்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. தை மாதம் என்பதால் பூநாரைகள் வந்திருந்தன. தூரத்தில் ரோஜா நிறக் கோடு போலத் தெரிந்தது, கிட்டே போகப் போகக் கால்களும் கழுத்துகளுமாகப் பிரிந்தது. முதல் வண்டி எஞ்சினை அணைத்தது. ஒன்றன் பின் ஒன்றாக ஒன்பதும் அணைந்தபோதுதான், அதுவரை நாங்கள் எவ்வளவு சத்தம் போட்டிருக்கிறோம் என்று காதுக்குத் தெரிந்தது. இளைஞர் மட்டும் படம் பிடிப்பதற்காக ஆக்ஸிலேட்டரை ஒரு முறை முறுக்கினார். கோடு முழுவதும் எழுந்து பறந்து, கண்ணுக்கெட்டாத தூரத்தில் போய் இறங்கியது. படம் கிடைத்தது. அதற்கப்புறம் பறவை இல்லை.

வடக்கே நேலப்பட்டுக்குப் போய், குளத்து மரங்களில் கூடு கட்டியிருந்த கூழைக்கடாக்களைப் பார்த்துவிட்டு, நாயுடுபேட்டை, காளஹஸ்தி வழியாகத் திருப்பதி வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மலைச் சுவர் கறுத்து நின்றது. தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் சொல்லும் வேங்கடம் இதுதான்.

மறுநாள் காலை அந்த மலையில் ஏறியபோது 28 நிமிடத்தின் நியாயம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. இது வெறும் சாலையல்ல. சேஷாசலக் காடுகள் 2010 முதல் உயிர்க்கோளக் காப்பகம். செம்மரம் இயற்கையாக வளரும் அபூர்வமான காடு. 2023 ஆகஸ்டில், அலிபிரி நடைபாதையில் பெற்றோருடன் ஏறிக்கொண்டிருந்த ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை தூக்கிச் சென்று கொன்றது. அதையடுத்து மலைச் சாலைகளில் இரு சக்கர வாகனங்களுக்குக் காலை 6 முதல் மாலை 6 வரை மட்டுமே அனுமதி என்று கட்டுப்பாடு வந்தது. பிறகு தளர்த்தினார்கள் என்றாலும், நிலைமைக்கேற்ப நேரம் மாறும். போகிறவர்கள் விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

தரிசன வரிசையில் நிற்க எங்களுக்கு நேரமில்லை. கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். இறங்குவது 1944-இல் திறக்கப்பட்ட பழைய சாலை. ஏறுவதற்கான புதிய சாலை 1974-இல்தான் வந்தது. பழைய பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் அதிகம். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும், எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் என்று அண்ணா மேலேயே சொல்லியிருந்தார். கிளட்சைப் பிடித்துக்கொண்டோ நியூட்ரலிலோ உருட்டிவிட்டால் முழுப் பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது.

நாலைந்து வளைவுகள் கழிந்ததும் இளைஞர் பொறுமையிழந்தார். அண்ணாவை முந்திக்கொண்டு வளைவில் மறைந்தார். மான் பூங்கா அருகே மறுபடி அவரைக் கண்டோம். நடந்து ஏறும் பக்தர்கள் படிகளை விட்டு இந்தச் சாலையோரமாகவே கொஞ்ச தூரம் நடக்கும் இடம் அது. வண்டி ஓரத்துச் சுவரை உரசி நின்றிருந்தது. வெறுங்காலுடன், கையில் மஞ்சள் குங்குமக் கிண்ணத்துடன் ஒரு பாட்டி. படிக்குப் படி பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர். பிரேக் பிடிக்காத வண்டிக்கும் அவருக்கும் இடையே ஒரு முழ இடைவெளிதான் இருந்திருக்கிறது. கிண்ணம் தவறி மஞ்சள் சாலையில் சிந்தியிருந்தது. இளைஞரின் கை நடுங்கியது.

பாட்டி திட்டவில்லை. "மெல்லகா போண்டி நாயனா" என்றார். மெதுவாகப் போங்கப்பா. குனிந்து, சிந்தாமல் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு நடந்தார். அண்ணாவும் எதுவும் சொல்லவில்லை. பிரேக் ஆறும்வரை எல்லோரும் காத்திருந்தோம். நாற்பது நிமிடத்துக்கு மேலேயே ஆனது.

அதன்பின் சந்திரகிரி. விஜயநகர அரசின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடலோரத்தில் ஒரு துண்டு மணல் நிலம் மானியமாகக் கிடைத்தது சந்திரகிரி ராஜ்யத்திடமிருந்துதான். அந்த மணலில் எழும்பிய ஊரிலிருந்து வந்தவர்கள், பாறைக் குன்றின் அடியில் நிற்கும் ராஜா மஹாலை ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்தோம். காணிப்பாக்கம் விநாயகரை வணங்கிவிட்டுச் சித்தூரில் மதிய உணவு. சாலையின் இருபுறமும் மாந்தோப்புகள், இடையிடையே மாங்கூழ் ஆலைகள். ஜூனில் வந்தால் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்ட வழி கிடைக்காது என்றார் டீக்கடைக்காரர். தெலுங்கில் தொடங்கிய பேச்சு பாதியில் தமிழுக்கு மாறியது. 1953 வரை இந்த ஊரும் சென்னை ராஜ்யம்தான்.

ராணிப்பேட்டை வழியாகச் சென்னைக்கு 150 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கிளம்பும்போது அண்ணா வரிசையை மாற்றினார். "தம்பி, கடைசி வண்டி நீ ஓட்டு" என்றார். தண்டனையா, நம்பிக்கையா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

வாலாஜாவைத் தாண்டி இருட்டில் ஒரு வண்டியின் செயின் கழன்றது. நாங்கள் கவனிக்காமல் பத்து கிலோமீட்டர் போய்விட்டோம். திரும்பி வந்தபோது கடைசி வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளைஞரின் கைகள் முழுக்க கிரீஸ். செயின் ஏறியிருந்தது.