பேரனின் கணக்கு நோட்டு

நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி. ஆட்டம் ஒன்றுக்குப் பேரன் என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தான். ஆட்டம் முடிந்ததும் ஒரு ஆட்டக்காரர் சட்டையைக் கழற்றினார். உள்ளே கறுப்பாக, மார்பை மட்டும் மூடிய ஒரு துணி. "என்னடா இது, பொம்பளைங்க போடற பாடி மாதிரி?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். முன் வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பேரன் தலையைக் குனிந்துகொண்டான்.

அது ஜி.பி.எஸ். உடுப்பாம். முதுகுப்பக்கம், இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பை. அதற்குள் ஒரு குட்டிக் கருவி. மொத்தம் எவ்வளவு தூரம் ஓடினார், அதில் தலைதெறிக்க ஓடியது எவ்வளவு, எத்தனை முறை சட்டென்று நின்று திரும்பினார் எல்லாம் அதில் பதிவாகிவிடும். நடுக்களத்தில் ஆடுபவர் ஒரு ஆட்டத்தில் 10, 11 கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். கபாலி கோவிலிலிருந்து அடையாறு டிப்போ வரை நடந்து போய்த் திரும்பினாலும் அவ்வளவு வராது.

அன்று வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டதோடு சரி. அது என் வீட்டுக்குள்ளேயே வரும் என்று நினைக்கவில்லை.

பேரனுக்கு 15 வயது. திங்கள் முதல் வெள்ளி வரை மாலையில் பள்ளிக்கூடப் பயிற்சி. செவ்வாய், வியாழன், சனி விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஒரு அகாடமி. ஞாயிற்றுக்கிழமை தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் மேட்ச். ஐந்து மணிக்கு எழுப்பி ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறவன் நான்தான். "தாத்தா, கால் வலிக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "பழகினா சரியாயிடும்டா" என்றேன். ஒரு தடவை இல்லை, மூன்று வாரம் அதையே சொன்னேன்.

ஸ்கேனில், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் மயிரிழை போல ஒரு விரிசல். ஏதோ ஒரு நாள் விழுந்து வந்தது இல்லை, தினம் தினம் சேர்ந்தது என்றார் டாக்டர். மருமகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பிசியோதெரபிஸ்ட் ஒரு இளைஞர். "வாரத்துக்கு மொத்தம் எத்தனை நிமிஷம் சார் ஆடறான்?" என்று கேட்டார். 34 வருஷம் கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்த்தவன், பதில் தெரியாமல் விழித்தேன். பிறகு அவர் மேஜையிலேயே கூட்டிப் பார்த்தேன். பள்ளியில் 450, கடற்கரையில் 225, ஞாயிறு 120. ஆக 795 நிமிஷம், பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல். மூன்று கோச்சும் நல்லவர்கள்தான். தன்னிடம் வருவது கொஞ்ச நேரம்தானே என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். மூன்று லெட்ஜரையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. சம்பளம் வாங்கி ஆடுகிறவர்களுக்கே வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு கொடுப்பார்கள், இவனுக்கு அதுவும் இல்லை என்றார் அவர்.

தொழில்முறை கிளப்புகளில் கருவியோடு இன்னொரு கணக்கும் உண்டாம். காசே செலவில்லாதது. பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, "எவ்வளவு கஷ்டமாக இருந்தது? பத்துக்கு எத்தனை?" என்று கேட்க வேண்டும். அதை நிமிஷத்தால் பெருக்க வேண்டும். 90 நிமிஷம், 6 என்றால் 540. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்கர் கொண்டுவந்த முறை. பத்துக்கு எத்தனை என்ற அளவுகோல் அவருக்கு முன்பே போர்க் என்ற ஸ்வீடன்காரர் போட்டது. இந்த வாரத்து மொத்தத்தை முந்தைய நாலு வாரச் சராசரியோடு ஒப்பிட்டால், சுமை திடீரென்று ஏறியிருக்கிறதா என்று தெரியும். ஒன்றரை மடங்கைத் தாண்டினால் ஆபத்து என்று ஒரு கட்சி. அந்த வகுத்தலை அப்படியே நம்பாதே என்று எதிர்க்கட்சி. எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து பழைய ஐ.எஸ்.எல். அட்டவணையைத் தேடி எடுத்தேன். 2015-ல் சென்னையின் முதல் ஆட்டம் அக்டோபர் 3. கோவாவில் 3-2 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கியது டிசம்பர் 20. அரையிறுதி, இறுதி சேர்த்து 79 நாளில் 17 ஆட்டம். நாலரை நாளுக்கு ஒன்று. நடுவில் ஊரே வெள்ளத்தில் மிதந்தது. இங்கே நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். அந்த வருஷம் நான் கோலை மட்டும்தான் எண்ணினேன். இந்த நெருக்கத்தில் எல்லா ஆட்டத்துக்கும் அதே பதினொரு பேரை இறக்கினால் என்ன ஆகும் என்று இப்போதுதான் புரிகிறது.

எலும்பு கூட மூன்று மாசம் ஆயிற்று. மறுபடி மைதானத்துக்குப் போன நாளிலிருந்து நீள நோட்டு ஒன்றில் தேதி, நிமிஷம், மார்க், பெருக்குத் தொகை என்று எழுதி வருகிறேன். "நாப்பத்தஞ்சு வருஷமா அடுப்படியில நிக்கறேன், எனக்கு யாருங்க மார்க் போடறது?" என்று மனைவி கேட்டாள். அந்தப் பத்தி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஒரு சிக்கல் சீக்கிரமே தெரிந்தது. பையன் எப்போது கேட்டாலும் "நாலு போட்டுக்கோங்க தாத்தா" என்கிறான். ஏழு என்றால் அடுத்த ஆட்டத்தில் உட்கார வைத்துவிடுவோமோ என்ற பயம். பிசியோ சிரித்தார். பெரிய ஆட்டக்காரர்களும் இப்படிக் குறைத்துச் சொல்வதுண்டாம். அதனால்தான் முதுகில் இருக்கும் கருவி சொல்வதையும் வாய் சொல்வதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்களாம். என்னிடம் கருவி இல்லை. அவன் மாடிப்படி ஏறும் சத்தத்தைக் கேட்கிறேன். ஷூவை உட்கார்ந்து கழற்றுகிறானா, நின்றபடி உதறுகிறானா என்று பார்க்கிறேன். ராத்திரி மூன்றாவது தோசை கேட்காவிட்டால், அவன் சொன்ன நாலுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுகிறேன்.

அவன் ஒரு நாள் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். "இந்தக் கேள்விக்குறி எல்லாம் என்ன தாத்தா?" என்றான். "ஆடிட் அப்ஜெக்‌ஷன்டா" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

நேற்று சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டு, நான் கேட்பதற்கு முன்பே, "எட்டு" என்றான். நோட்டில் எழுதிவிட்டு, நாளைக் காலை பையன் வரமாட்டான் என்று கடற்கரைக் கோச்சுக்கு போன் செய்தேன்.