குமார்காலி இழந்த நா

அந்தோ, ஹரிநாத! வேந்தர் மாய்ந்தால் அழுவதற்குப் புலவர் இருந்தனர். பாரி பட்டபோது கபிலர் இருந்தார். அதியமான் வீழ்ந்தபோது ஔவை இருந்தாள். தேரும் களிறும் ஈந்தவர்க்கு நம் முன்னோர் கையறுநிலை பாடினர். எழுத்தை ஈந்தவனுக்கு எவர் பாடுவார்? வாயிருந்தும் பேச வழியற்ற ஊருக்கு நாவாக நின்று, நின்ற குற்றத்துக்காகவே கடனில் மூழ்கி, 1896 ஏப்ரல் 16 அன்று கோராய் ஆற்றின் கரையில் கண்மூடிய ஒரு பள்ளி ஆசானுக்கு எந்தப் பாடாண் துறை இடம் வைத்தது?

நான் வங்கத்தான் அல்லேன். உன் பள்ளியில் அமர்ந்தவன் அல்லேன். ஆயினும் பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டு, பொழுது சாய்ந்தபின் ஊர்க் குறையை நாளிதழுக்கு எழுதி அனுப்பும் ஆசிரியர்களை எங்கள் சிற்றூர்களில் கண்டவன். வராத பேருந்தையும், வற்றிய குளத்தையும், வழங்கப்படாத கூலியையும் எழுதி எழுதித் தேய்ந்தவர்கள் அவர்கள். அவர்கள் ஒவ்வொருவராய் மறையும்போது, அந்தக் குலத்தின் மூத்தோனாகிய உன்னை நினைக்கிறேன். நினைக்க நினைக்க நெஞ்சு கொதிக்கிறது. கொதித்துப் பின் கரைகிறது.

குமார்காலி இன்று வங்காளதேசத்தின் குஷ்டியா மாவட்டத்தில் உள்ளது. அங்கே 1833-இல் பிறந்தாய். பால் மணம் மாறுமுன் தாயை இழந்தாய். தந்தையையும் இளமையிலேயே இழந்தாய். ஊரில் இருந்த ஆங்கிலப் பள்ளியின் படியேறினாய். சம்பளம் கட்ட வழியின்றி இறங்கினாய். அந்த ஒரு படியிறக்கம் உன் வாழ்நாள் முழுதும் உன் உள்ளத்தில் முள்ளாய்க் கிடந்தது போலும். கல்கத்தாவின் மேன்மக்கள் ஆங்கிலம் கற்றுச் சங்கங்கள் அமைத்த காலத்தில், ஆங்கிலம் கிட்டாத நீ தாய்மொழியையே ஏணியாக்கினாய். 1855-இல் நண்பர்களைக் கூட்டிக் குமார்காலியில் வங்கமொழிப் பள்ளி ஒன்றைத் திறந்தாய். சிலகாலம் ஊதியம் வாங்காமலே பாடம் சொன்னாய். மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி அவ்வூரில் எழ உன் கையும் துணை நின்றது. 1856-இல், வங்கத்தின் ஒரு மூலையில், ஆற்றங்கரைச் சிற்றூரில், பெண்குழந்தைகள் அரிச்சுவடி ஏந்தினார்கள் என்பதைச் சற்றே நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். தனக்கு மறுக்கப்பட்ட கல்வியைப் பிறர்க்கு மறுப்பவரும் உண்டு. மறுக்கப்பட்டதனாலேயே வழங்குபவரும் உண்டு. நீ இரண்டாமவன், ஐயனே.

உன் மாணவர்களின் தந்தையர் யார்? அவுரி பயிரிட்டவர்கள். பயிரிட்டவர்கள் என்பதினும் பயிரிடப் பணிக்கப்பட்டவர்கள் என்பதே பொருந்தும். தோட்டத் துரையிடம் ஒருமுறை முன்பணம் வாங்கிக் கைநாட்டு வைத்துவிட்டால் போதும், நெல் விளையும் வயலில் அவுரி விதைக்க வேண்டும், விளைந்ததை அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும், கணக்குத் தீராது, கடன் மகனுக்கு இறங்கும். அந்தக் கணக்கேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாததே அவர்களின் முதல் அடிமைத்தனம். 1859-இல் நதியா மாவட்டத்தில் மூண்டு பக்கத்து மாவட்டங்களுக்கும் பரவிய அவுரிக் கிளர்ச்சி, 1860-இல் விசாரணைக் குழு ஒன்றை அமைக்க ஆங்கில அரசைத் தள்ளியது. அந்த நாளில் நீ ஈஸ்வர சந்திர குப்தர் நிறுவிய ‘சம்வாத பிரபாகர்’ இதழுக்கு ஊர்ச் செய்தி எழுதி அனுப்பும் இளைஞன்.

இங்கேதான் உன் ஆசிரியத் தொழிலும் செய்தித் தொழிலும் ஒன்றாயின. பிள்ளை எழுத்துக் கற்று, வளர்ந்து, தன் தந்தையின் வழக்கைத் தானே எழுதும் நாள் வர ஒரு தலைமுறை ஆகும். பசி அதுவரை பொறுக்குமா? பொறுக்காது. ஆகவே கற்பிக்கும் வரை நீயே எழுதினாய். உன் எழுதுகோலை அவர்களுக்கு இரவலாகக் கொடுத்தாய். வரலாற்றாசிரியர் சிலர் உன்னை இதழாளன் என்பர்; சிலர் பாடகன் என்பர்; என் தீர்ப்பு வேறு. நீ முதலும் முடிவும் ஆசான். இதழும் பாட்டும் உன் வகுப்பறையின் நீட்சிகள்.

பிறர் இதழில் கிடைத்த அரைப்பத்தி போதவில்லை. 1862 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து குஷ்டியாவுக்கு ரயில் வந்தது. ஊரின் சரக்கு தலைநகருக்குப் போக வழி பிறந்தது. ஊரின் துயரம் போக? அடுத்த ஆண்டு, 1863-இல், நீ ‘கிராமவார்த்தா பிரகாசிகா’வைத் தொடங்கினாய். கிராமத்துச் செய்தியை வெளிச்சத்துக்குக் கொணர்வதே அதன் வேலை. பெயரிலேயே வேலையைச் சொல்லிவிட்டாய். முதலில் மாத இதழ், பின்னர் மாதம் இருமுறை, அதன்பின் வார இதழ். வார இதழுக்கு விலை ஒரு பைசா.

ஒரு பைசா இதழை உண்டாக்க ஒரு மனிதன் எவ்வளவு தேய வேண்டும்! தொடக்கத்தில் அச்சடிப்பு கல்கத்தாவில். கையெழுத்துப் படி அங்கே போக வேண்டும். அச்சான தாள் இங்கே வர வேண்டும். 1873-இல் நண்பர் மதுராநாத் மைத்ரேயரின் பெயர் தாங்கிய அச்சகம் குமார்காலியிலேயே அமைந்தபின், அந்தத் தொலைவு போயிற்று; உழைப்பு போகவில்லை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கி, தலைகீழாகவும் இடவலமாகவும் கோத்து, சட்டத்தில் இறுக்கி, மை தடவி, தாள் விரித்து, கைப்பிடியை இழுத்து அழுத்தி, ஈரத்தாளை எடுத்து உலர்த்தி, மீண்டும் மை தடவி, மீண்டும் இழுத்து... ஒரு பக்கத்துக்கு ஓர் இழுப்பு. எழுதியவனும் நீ, திருத்தியவனும் நீ, மடித்து உறையிட்டு முகவரி எழுதியவனும் நீ, அனுப்பியவனும் நீ, சந்தா கேட்டு வாசல்தோறும் நின்றவனும் நீ. காலையில் கரும்பலகை, மாலையில் அச்சுப்பொறி, இரவில் கடிதங்கள். சுண்ணக்கட்டியின் வெண்மையும் அச்சு மையின் கருமையும் மாறிமாறிப் படிந்த விரல்கள் அவை. அந்த விரல்களை எரித்த நெருப்பை நான் நோகிறேன்.

என்ன எழுதினாய்? ஜமீன்தாரின் மேல்வாரம் போதாதென்று, அவர் வீட்டுத் திருமணத்துக்கு ஒரு வரி, திவசத்துக்கு ஒரு வரி, கணக்குப்பிள்ளையின் கைச்செலவுக்கு ஒரு வரி என்று குடியானவன் முதுகில் ஏற்றிய சட்டமில்லாச் சுமைகளை எழுதினாய். காவலரின் கைந்நீட்டத்தை எழுதினாய். வட்டிக்காரனின் கணக்கை எழுதினாய். 1873-இல் பத்மாவுக்கு அப்பால் பாப்னாவில், உயர்த்திய வாரத்தைக் கொடுக்க மறுத்து உழவர் சங்கமாய் எழுந்தபோது, கல்கத்தாவின் நிலவுடைமையாளர் இதழ்கள் அவர்களைக் கலகக்காரர் என்றன. கிராமத்தில் இருந்து எழுதிய நீயோ அந்த எழுச்சியின் காரணத்தைக் கண்டு சொன்னாய். அந்த உழவர் எழுப்பிய கேள்விதான் 1885-இல் வங்கக் குத்தகைச் சட்டமாய் ஒரு பாதி விடை பெற்றது. அந்தச் சட்டத்தின் முகப்பில் உன் பெயர் இல்லை, இருக்கவும் வேண்டாம்.

அவ்வட்டாரத்தில் ஒரு கதை வழங்குகிறது. ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் பசுவை மாவட்ட மாஜிஸ்திரேட் விரும்பி எடுத்துக்கொண்டார். நீ அதை இதழில் எழுதினாய். வெகுண்டு வந்த அவரே, பின்னாளில் உன் எழுத்துக்கு நாணித் தம் போக்கை மாற்றிக்கொண்டார் என்பார்கள். கதையின் ஒவ்வொரு சொல்லும் அப்படியே நடந்ததோ, ஊர் தன் அன்பால் சிறிது கூட்டிற்றோ, அது எனக்குப் பெரிதன்று. ஒரு பசுவின் பொருட்டு அரசின் பேரதிகாரியை அச்சில் ஏற்றும் ஒருவன் தம்மிடையே இருந்தான் என்று ஒரு கிராமம் இன்றும் நம்புகிறதே, அந்த நம்பிக்கையின் விலைக்கு எந்த விருது ஈடாகும்?

பக்கத்து ஷிலைதா ஜமீன், கல்கத்தாவின் தாகூர் வீட்டாருடையது. கலையும் கல்வியும் குடிகொண்ட பெருமனை அது. அதற்காக நீ உன் எழுதுகோலை மடக்கிக்கொள்ளவில்லை. அந்த ஜமீனின் ஆட்கள் உழவர்க்கு இழைத்ததையும் எழுதத் துணிந்தாய். உன்னை அடக்கத் தடியர்கள் ஏவப்பட்டார்கள் என்றும், சேவுரியாவிலிருந்து லாலன் பக்கீர், ஒற்றைத் தந்தி ஏந்திப் பாடும் அந்தத் துறவி, தம் சீடருடன் கோல் பிடித்து உன் வாசலில் வந்து நின்றார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். பாட்டுக்காரன் செய்தியாளனுக்குக் காவல் நின்ற காட்சி! சாதியும் சமயமும் கடந்து பாடிய வாய்க்கும், அஞ்சாமல் எழுதிய கைக்கும் இடையே உறவு இருந்தது. அந்த உறவுதான் குமார்காலியின் செல்வம்.

உண்மைக்குச் சந்தாதாரர் குறைவு. யாருக்காக எழுதினாயோ அவர்க்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் பலர்க்குப் பணம் அனுப்ப மனம் வராது. தாளுக்குக் கடன், மைக்குக் கடன். 1878-இல் லிட்டன் பிரபு தாய்மொழி இதழ்களின் குரல்வளையில் கைவைக்கும் சட்டம் கொண்டுவந்தார். ஆங்கில இதழ்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. நின்றும் எழுந்தும், எழுந்தும் தளர்ந்தும், ஏறத்தாழ இருபது ஆண்டு நடந்த உன் இதழ் கடைசியில் நின்றது. ஐயகோ! ஒரு பைசாவுக்கு ஓர் ஊரின் மானத்தை விற்காமல் காத்தவனை அந்தப் பைசாக்கள் சேராமல் சாகவிட்டார்களே! ஊரார்மேல் எனக்குச் சினம் இல்லை; அவர்கள் வறியவர். வாங்கிப் படித்துப் பணம் தராத வசதியுள்ளோர்மேல் எனக்குச் சினம் உண்டு. நூற்றாண்டு கடந்தும் தணியாத சினம்.

அச்சு கைவிடும் முன்பே பாட்டு உன்னைக் கைப்பற்றியது. 1880-இல், லாலன் பாடிய பாவுல் மரபில் பாடகர் குழு ஒன்றைச் சேர்த்து, பிகிர்சாந்த் என்னும் புனைபெயரில் பாடினாய். ஏழை என்னும் பொருளில் ‘காங்கால்’ என்று உன்னையே அழைத்துக்கொண்டாய். ஊரும் அப்படியே அழைத்தது. படிக்கத் தெரியாதவர்க்குச் செய்தி தர முடியாது, பாட்டுத் தரலாம். அந்தப் பாட்டுகள் படகேறி, சந்தையேறி, வங்கமெங்கும் போயின. 1955-இல் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில், உறவினர் வீட்டில் ஒட்டிக்கிடக்கும் கூன்விழுந்த பாட்டி இந்திர் தாக்ரூன், இருள் கவியும் நேரத்தில் தனியே அமர்ந்து ஒரு பாட்டு முனகுகிறாளே, நினைவிருக்கிறதா? பகல் போயிற்று, கரையேற்று என்று இறைவனை இரக்கும் அந்தப் பாட்டு உன்னுடையது. உலகமெல்லாம் பார்த்த படம். எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கங்களிலும் பலமுறை காட்டிய படம். பொக்கைவாய்க் கிழவியின் குரலில் கலங்கிய எத்தனை பேர், அதை எழுதியவன் ஒரு கிராமத்துப் பள்ளி ஆசான் என்று அறிந்தார்கள்?

உன் செல்வம் மனிதர்களாய் விளைந்தது. ‘விஷாத சிந்து’ எழுதிய மீர் முஷரஃப் ஹுசேன் உன் நிழலில் எழுதப் பழகியவர். ஜமீன்தாரைக் கண்ணாடிமுன் நிறுத்திய நாடகத்தை 1873-இலேயே அவர் எழுதியதில் எனக்கு வியப்பில்லை. மதுராநாத்தின் மகன் அட்சயகுமார் மைத்ரேய, வங்க நவாப் சிராஜ் உத்தௌலாவின்மேல் ஆங்கிலேயர் பூசிய கறையை ஆவணங்களால் கழுவ முனைந்த வரலாற்றாசிரியர். ராஜ்சாஹியில் வரேந்திர ஆராய்ச்சிக் கழகம் நிறுவியவர்களில் ஒருவர். ஜலதர் சென் இமயத்தைச் சுற்றி எழுதினார். புகழ்பெற்ற ‘பாரதவர்ஷ’ இதழின் ஆசிரியரானார். உன் வாழ்வையும் நூலாக்கினார். முஸ்லிம் ஒருவர், இந்துக்கள் இருவர். புனைகதையாளர், வரலாற்றாசிரியர், இதழாசிரியர். ஒரு சிற்றூர் ஆசானின் மடியிலிருந்து இத்தனை பேர்! வங்க மறுமலர்ச்சி என்று கல்கத்தாவின் மாளிகைகளைச் சுட்டும் பெருநூல்கள் உன்னை ஓரிரு வரியில் கடந்து போவதை நான் ஒப்பவில்லை.

ஐயனே, உனக்குப் பின் கோராயில் எத்தனை வெள்ளம் வந்தது, எத்தனை முறை மணல் மேடிட்டது! நாடு மூன்று பெயர்களைக் கண்டது. வங்கம், கிழக்குப் பாகிஸ்தான், வங்காளதேசம். நீ இழுத்த இரும்புப்பொறி எஞ்சியிருக்கிறது. இழுத்த கை இல்லை. ஊர் இருக்கிறது, ஊரின் குறையும் இருக்கிறது, அதை இரவலின்றி எழுதக் கற்றவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்துத் தந்த வாய் இல்லை. எங்ஙனம் ஆற்றுவேன்!

இதைப் படிக்கும் அன்பரே, ஒரு வேண்டுகோள். குஷ்டியாவுக்குப் போகிறவர்கள் லாலன் துயிலும் சேவுரியாவுக்குப் போகிறார்கள். ரவீந்திரநாதர் வாழ்ந்த ஷிலைதா மாளிகைக்குப் போகிறார்கள். படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு என்றேனும் அந்தப் பக்கம் போக வாய்த்தால் குமார்காலியிலும் இறங்குங்கள். காங்கால் ஹரிநாத் நினைவு அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி வழி கேளுங்கள், ஊரார் காட்டுவார்கள்.