கஞ்சி குடிக்கக் காசு கொடுப்பவர்கள்

கொல்லங்கோடு என்றதும் நம்ம பக்கத்து ஆட்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லங்கோடுதான் ஞாபகம் வரும். நான் சொல்வது பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிற இன்னொரு கொல்லங்கோடு. நெல்லியாம்பதி மலைக்குக் கீழே, வயலும் பனைமரமுமாக இருக்கிற சின்ன ஊர். அங்கே வேங்குநாட்டு ராஜ குடும்பத்தின் பழைய அரண்மனை ஒன்று உண்டு. கொச்சியைச் சேர்ந்த சி.ஜி.எச். எர்த் என்ற குடும்ப நிறுவனம், 2000-களின் நடுவில் அதைக் 'களரி கோவிலகம்' என்ற பெயரில் ஆயுர்வேத சிகிச்சைக்கான இடமாக மாற்றியது.

அவர்கள் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். கறி, மீன், மது கிடையாது. டிவி கிடையாது. தோல் செருப்பு, தோல் பை உள்ளே வரக்கூடாது. உடுத்திக்கொள்ள வெள்ளைப் பருத்தி உடுப்பை அவர்களே கொடுப்பார்கள். வைத்தியர் சொல்கிற சாப்பாடுதான். எல்லாவற்றுக்கும் மேலே, குறைந்தது 14 நாள் தங்க வேண்டும். ஒரு வாரம்தான் லீவு என்றால் அறை கிடையாது! இதற்குத்தான் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வந்தார்கள். பயணப் பத்திரிகைகள் வியந்து வியந்து எழுதின.

எங்கள் ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "ஏட்டி, பத்தியச் சோறு போட்டு எண்ணெய் தேச்சு விடுததுக்கா இம்புட்டு ரூவா கொடுக்காவ? நம்ம வீட்டுல பிள்ள பெத்து வந்தவளுக்கெல்லாம் சும்மாதானே செஞ்சோம்" என்றாள். நியாயமான கேள்வி. பி.காம். மூன்று வருடப் பாடத்தில் இதற்குப் பதில் நேரடியாக எங்கும் இல்லை.

இந்த ஆராய்ச்சி எனக்கு எதற்கு? எல்லாம் மும்பையில் இருக்கிற பெரியப்பாவால் வந்தது. கல்லிடைக்குறிச்சியில் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கிற எங்கள் பூர்வீக வீட்டில் இப்போது ஆச்சி ஒருத்திதான் இருக்கிறாள். தட்டட்டிக்குப் போனால் பொதிகை மலை தெரியும். இதை ஒரு 'வெல்னஸ் ரிசார்ட்' ஆக்கினால் என்ன, நீதான் காமர்ஸ் படிக்கிறாயே, ஒரு கணக்குப் போட்டு அனுப்பு என்றார். சரி என்று உட்கார்ந்தேன்.

வீட்டில் நான்கு அறை தேறும். 365 நாளுக்கு 1,460 இரவுகள். பாதிதான் நிரம்பும் என்று வைத்தால் 730. வருகிறவர் 2 நாள் தங்கிவிட்டுப் போனால் வருஷத்துக்கு 365 பேரைத் தேடிப் பிடிக்க வேண்டும். 14 நாள் தங்கினால்? 52 பேர். வாரத்துக்கு ஒருத்தர்! ஒவ்வொரு புது ஆளையும் பிடிக்க விளம்பரச் செலவு இருக்கிறது, புக்கிங் தளங்களுக்கு 15, 20 சதவீதம் என்று கமிஷன் இருக்கிறது. அந்த 14 நாள் நிபந்தனையை வைத்தியம் என்று மட்டும் நினைத்திருந்தேன். அது நல்ல வியாபாரமும்தான். ஆனால் இதில் ஒரு பிடி உண்டு. அறை காலியாக இருந்தாலும் வைத்தியர், சமையல்காரர், எண்ணெய் தேய்க்கிறவர் மூவருக்கும் மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நான்கு அறையில் அந்த நிலையான செலவை எடுக்க வேண்டுமென்றால் வாடகை எகிறும். எகிறி ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டினால் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ஆக, சின்ன இடம் என்றால் விலை கூடிய இடமாக இருப்பதைத் தவிர வழியில்லை. 'பூட்டிக்' என்று அழகான பெயர் வைக்கிறார்களே, அதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான் என்பது என் எண்ணம்.

அவ்வளவு விலையை முன்பின் தெரியாத ஒருவர் நம்பி எப்படிக் கொடுப்பார்? தாஜ் என்றால் பெயருக்கே பணம் வரும். தனி ஆள் நடத்துகிற இடத்துக்கு யாராவது சாட்சி சொல்ல வேண்டும். நெய் டின்னில் அக்மார்க் முத்திரை மாதிரி. அதற்கென்று சங்கங்களே இருக்கின்றன. பிரான்சில் பாரிஸுக்கும் நீஸுக்கும் இடையிலிருந்த 8 விடுதிகள் 1954-ல் சேர்ந்து தொடங்கியதுதான் 'ரெலே எ ஷாத்தோ'. 2003-ல் லண்டனில் ஒரு கணவன் மனைவி, தங்களுக்குப் பிடித்த சின்ன ஹோட்டல்களைத் தொகுத்து 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித்' என்று வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். அதுவே பிறகு பெரிய புக்கிங் நிறுவனம் ஆனது. நம் நாட்டில் இந்த வகை அங்கீகாரத்துக்குப் பெரிய உதாரணம் இமயமலை அடிவாரத்தில் இருக்கும் 'ஆனந்தா'. ரிஷிகேசத்துக்கு மேலே நரேந்திர நகரில், டெஹ்ரி கட்வால் மகாராஜாவின் அரண்மனை வளாகத்தில் 2000-ல் ஆரம்பித்தார்கள். காண்டே நாஸ்ட் டிராவலர் பத்திரிகையின் வாசகர் வாக்கெடுப்புகளில் பல தடவை இடம்பிடித்தது. எந்தச் சர்வதேச ஹோட்டல் கம்பெனியின் பெயர்ப்பலகையும் இல்லாமல்.

எல்லோரும் அப்படித் தனியாகவே நின்றுவிடவில்லை. டேராடூனில் 2014-ல் திறந்த 'வனா'வைத் தனி மனிதர் ஒருவர் தன் இஷ்டப்படி கட்டி, நல்ல பெயரும் வாங்கினார். 2023-ல் அது 'சிக்ஸ் சென்ஸஸ் வனா' ஆகிவிட்டது. அந்த சிக்ஸ் சென்ஸஸையே ஐ.எச்.ஜி. என்ற பெரிய ஹோட்டல் நிறுவனம் 2019-ல் வாங்கியிருந்தது. சாட்சி சொல்கிறவர்கள் கதையும் அதேதான்.. மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஸ்மித்தை 2023-ல் ஹயாத் வாங்கிக்கொண்டது. சின்ன மீனாக இருந்து பெயர் வாங்கினால், பெரிய மீன் கண்ணில் படுகிறோம் என்று அர்த்தம் போல.

நம்ம பக்கம் என்ன குறைச்சல் என்றும் யோசித்தேன். குற்றாலம் சீசனில் அருவிக்குப் போகிற வழியெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட ஆள் நிற்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கொல்லங்கோட்டில் இருந்த மாதிரியே மலையும் வயலும் இங்கேயும் உண்டு, கூடவே வற்றாத ஆறு. எண்ணெயும் மூலிகையும் இல்லாமல் இந்தத் தொழில் இங்கே வளராமல் இல்லை. "14 நாள் இல்லை என்றால் வராதே, கறி கேட்டால் கிளம்பு" என்று காசு கொடுக்க வந்தவரிடம் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். கையில் இரண்டு வருட நஷ்டத்தைத் தாங்குகிற முதல் இருந்தால்தான் அந்தத் தைரியம் வரும். குற்றாலத்தில் துண்டை இடுப்பில் கட்டி நிற்கிற அண்ணனுக்கு வேலை தெரியும், அந்த முதல் கிடையாது. அவர் கையிலிருக்கும் அதே வித்தைக்கு ரிசார்ட்டில் பல மடங்கு கட்டணம் என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது.

ஆற்றைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி என்ன செய்தது என்று திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆற்றங்கரை முதலீட்டில் அதை எழுதாமல் விட முடியாது. மேலே பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிற பழக்கத்தையும் எழுதினேன். புனித நதி என்று விளம்பரம் போட்டால், விருந்தாளி முங்கி எழும்போது யாரோ விட்ட வேட்டி காலில் சுற்றக்கூடாது அல்லவா?

கடைசியில் நான் திணறியது வேறு ஒரு இடத்தில். எங்கள் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு முடுக்கு இருக்கிறது. பத்திரப்படி எங்கள் இடம்தான். ஆனால் எனக்குத் தெரிந்த நாளிலிருந்து தெருப் பெண்கள் குளிக்க, துவைக்க அந்த வழியாகத்தான் படித்துறைக்குப் போகிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கே வாளிச் சத்தமும் பேச்சும் கேட்கும். ஆச்சிக்கு ஊர்ச் செய்தி முழுவதும் அந்த முடுக்கு வழியாகத்தான் வருகிறது. இரண்டு நாள் அவள் வெளியே தலைகாட்டாவிட்டால் உள்ளே வந்து எட்டிப் பார்ப்பதும் அவர்கள்தான். ரிசார்ட்டுக்கு வருகிறவர் காசு கொடுப்பதே அமைதிக்கு. அப்படியென்றால் முடுக்கை அடைக்க வேண்டும். அதை எந்தத் தலைப்பில், எவ்வளவு என்று எழுதுவது? நாங்கள் படித்த பேரேட்டில் அதற்குக் கணக்கு இல்லை. "முடுக்கு திறந்தே இருக்கும். அறை நான்கு வேண்டாம், இரண்டு போதும். ஆச்சி இருக்கிற அறையைத் தொடக்கூடாது" என்று குறிப்பெழுதி அனுப்பிவிட்டேன். இரண்டு அறையில் லாபம் வராது, செலவைத் தட்டினால் பெரிய விஷயம், அதையும் எழுதினேன்.

பெரியப்பா மறுநாளே போன் செய்தார். வெள்ளத்தைப் பற்றியோ வரியைப் பற்றியோ ஒரு கேள்வியும் இல்லை. முடுக்கை அடைத்தால் அறைக்கு எவ்வளவு கூடுதலாக வாங்கலாம் என்று மட்டும் கேட்டார். அந்தக் கணக்கை நான் போட மாட்டேன், நீங்களே நேரில் வந்து ஆச்சியிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தை மாதம் வருகிறாராம்.