பாரம் இறக்கிய பாலம்

ஒரு பழைய பாலத்தைக் கார்களுக்கு மூடலாமா என்ற கேள்வி போக்குவரத்து அதிகாரிகளின் கேள்வி என்றுதான் முதலில் படுகிறது. எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பேசுகிறவர்களைச் சில வருஷங்களாகக் கவனித்து வருகிறேன். ஒருவன் எதை அழகு என்று ஒப்புக்கொள்கிறான், யாரையெல்லாம் கணக்கில் சேர்த்துக்கொள்கிறான் என்ற இரண்டும் இந்தப் பேச்சில் வெளிப்பட்டுவிடுகின்றன. ஆகவே இதைக் கவிதையும் விமர்சனமும் வரும் பத்திரிகையில் எழுதுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. இதை நாங்கள் அடிக்கடி மறந்துபோகிறோம். முக்கொம்பில் பிரிகிற ஆறு, தெற்கே காவிரியாகவும் வடக்கே கொள்ளிடமாகவும் எங்களைச் சுற்றிக்கொண்டு போகிறது. தெற்கே சிந்தாமணிக்கும் மாம்பழச் சாலைக்கும் நடுவில் 1976இல் திறந்த காவிரிப் பாலம். வடக்கே நெ.1 டோல்கேட் போகக் கொள்ளிடப் பாலம். காலையில் வங்கிக்குப் போக நான் ஒரு ஆற்றைத் தாண்ட வேண்டும். இதை யாரும் பிரயாணம் என்று சொல்வதில்லை. ஆனால் பாலம் இல்லாத ஒரு நாளில் அது பிரயாணம்தான்.

காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று கட்டும் வேலை தொடங்கிய நாளிலிருந்தே, பழையதை என்ன செய்வது என்ற பேச்சும் தொடங்கிவிட்டது. 1976இல் பிறந்த ஒன்று அதற்குள் 'பழைய பாலம்' ஆகிவிட்டது என்பது வேறு விஷயம். என் எழுத்தாள நண்பர்கள் அநேகமாக ஒரே கட்சி: கார்களுக்கு மூட வேண்டும், நடப்பவர்களுக்கு விட வேண்டும். இந்தக் கட்சியின் பலம் வெறும் சித்தாந்தம் அல்ல, ஓர் அனுபவம். 2022 செப்டம்பரில் பழுதுபார்ப்பதற்காகக் காவிரிப் பாலத்தில் கார்களையும் பஸ்களையும் நிறுத்தினார்கள். இரு சக்கர வண்டிகளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் வழி. நவம்பரில் இரு சக்கர வண்டிகளுக்கும் தடை வந்தது. 2023 மார்ச்சில்தான் எல்லாவற்றுக்கும் திறந்தார்கள். அந்த முதல் இரண்டு மாதங்கள் எங்களுக்கு எதிர்பாராமல் கிடைத்தவை.

அந்த நாட்களில் நானும் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி நின்றிருக்கிறேன். ஆற்றில் தண்ணீர் இருந்தது. மலைக்கோட்டையையும் ராஜகோபுரத்தையும் ஒரே இடத்தில் நின்று, தலையை மட்டும் திருப்பிப் பார்க்க முடியும் என்பது புதிய செய்தியாக இருந்தது. அம்மா மண்டபத்துப் படிகளில் யாரோ துணி பிழிகிறார்கள். ரயில் பாலத்தில் வண்டி போகிற சப்தம், முன்பெல்லாம் ஹாரன்களின் அடியில் நசுங்கிக் கிடந்தது, இப்போது தனியாகக் கேட்கிறது. எத்தனையோ வருஷங்களாகத் தினம் இரண்டு தடவை கடந்து போன ஒன்றை அப்போதுதான் பார்த்தேன். என் கவிஞ நண்பர் ஒருவர் தினமும் சாயங்காலம் அங்கே வந்து நிற்பார். "பாலத்தின் மேல் இருந்த பாரத்தை எடுத்துவிட்டார்கள். இப்போதுதான் அது பாலமாக இருக்கிறது" என்றார். நல்ல வாக்கியம். அவருடைய கவிதைகளில் இருக்கிற மாதிரியே கச்சிதமான வாக்கியம். அதை மறுப்பதற்கு எனக்கு வெகு நாள் பிடித்தது.

மறுப்பதற்குக் காரணம் எங்கள் வங்கிக் கிளையில் காலையில் கூட்டிப் பெருக்க வரும் அம்மாள். திருவானைக்காவலுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிறவர். எட்டரை மணிக்குள் வேலையை முடித்துவிட்டு இன்னும் இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும். பாலத்தில் பஸ் நின்றதும் பைபாஸ் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வரும் பஸ்ஸில் வந்தார். ஒரு மாதத்தில் இரண்டாவது வேலை போய்விட்டது. "பாலம் நல்லாத்தான் இருக்கு சார், காத்து வருது. ஒண்ணாம் நம்பர் பஸ் எப்ப விடுவாங்க?" என்று என்னிடம் கேட்டார். அவர் வாக்கியமும் கச்சிதமானதுதான். பாலத்தின் அழகை அவர் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழைகளுக்கு அழகு தெரியாது என்று ஒரு கட்சியும், ஏழைகளுக்கு முன்னால் அழகைப் பேசுவது பாவம் என்று இன்னொரு கட்சியும் நம் விமர்சனத்தில் உண்டு. அந்த அம்மாள் இரண்டு கட்சியிலும் இல்லை. காற்று வருகிறது என்று ஒப்புக்கொண்டு, அதற்கு விலை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டார்.

இதில் ஒரு வார்த்தை செய்கிற காரியத்தைப் பார்க்கிறேன். 'வாகனப் போக்குவரத்துக்குத் தடை' என்று பலகை வைக்கிறார்கள். வாகனம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற காரும், அறுபது பேர் தொங்குகிற பஸ்ஸும், சாத்தார வீதிக்குப் பூமூட்டை ஏற்றி வருகிற மினி லாரியும் ஒன்றாகிவிடுகின்றன. கார்க்காரர் பெட்ரோலும் இருபது நிமிஷமும் கூடுதலாகச் செலவழித்துச் சுற்றிப் போகிறார். வீட்டுக்குப் போய் மாநகராட்சியைத் திட்டுகிறார். பஸ்ஸில் போகிறவருக்கு வேலை போகிறது. 2023 ஜனவரி 2இல் வைகுண்ட ஏகாதசி. காவிரிப் பாலம் மூடியிருக்க, வெளியூர் ஜனங்கள் அவ்வளவு பேரும் சுற்றிக்கொண்டு பரமபத வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கு யாரும் பாலத்தின் மௌனத்தைப் பற்றிப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

என் நண்பர்கள் மறந்துவிட்ட இன்னொரு பாலம் வடக்கே இருந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் கட்டிய இரும்புப் பாலம். பக்கத்தில் புதிய பாலம் வந்ததும் 2016இல் அதில் வாகனங்களை நிறுத்தினார்கள். நாம் இப்போது கேட்கிற அத்தனையும் அதற்குக் கிடைத்தது. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் வந்தார்கள். சாயங்காலம் குடும்பம் குடும்பமாகக் காற்று வாங்க வந்தார்கள். இரும்புச் சட்டங்களின் நிழல் தளத்தில் விழுந்து கிடக்க, அதன் மேல் குழந்தைகள் ஓடினார்கள். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தது. 18ஆம் 19ஆம் தூண்கள் உட்கார்ந்தன. மேலே இருந்த பகுதி ஆற்றில் விழுந்தது. அதே வாரம், ஆகஸ்ட் 22 அன்று, முக்கொம்பில் ஆர்தர் காட்டன் காலத்து மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. உடைந்து நின்ற பாலத்தைப் பார்க்கக் கூட்டம் கூடியது. கடைசியில் மிச்சத்தையும் இடித்தார்கள். பாரத்தோடு 88 வருஷம் நின்றது, பாரம் இறக்கியபின் இரண்டு வருஷம் நின்றது என்று ஒரு கணக்கு எங்கள் ஊர் டீக்கடைகளில் உண்டு.

இந்தக் கணக்கை அப்படியே நம்புவது சுலபம், ஆனால் சரியில்லை. எங்கள் தெருவில் பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். இதை அவரிடம் சொன்னபோது சிரித்தார். "தம்பி, கார் மேலே போகுது. ஆறு கீழே போகுது. பாலத்தைத் தள்ளுறது எப்பவும் கீழே போறதுதான்" என்றார். வெள்ளத்தின்போது தூணைச் சுற்றிச் சுழிக்கிற தண்ணீர் அடி மணலை அரித்துக்கொண்டு போகிறது. ஆற்றின் தரைமட்டமே வருஷாவருஷம் கீழே போனால், ஒரு காலத்தில் ஆழத்தில் புதைந்திருந்த அஸ்திவாரம் வெளியே தெரிய ஆரம்பிக்கும். மணலை எடுத்தவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். பஸ் ஓடியிருந்தாலும் அந்தத் தூண்கள் போயிருக்கலாம். போயிருந்தால் பஸ்ஸோடு போயிருக்கும். பக்கத்தில் புதிய பாலத்தைக் காப்பதற்கென்று கட்டிய தடுப்புச் சுவரையே 2024 ஆகஸ்ட் வெள்ளம் சரித்துவிட்டது. ஆற்றுக்குப் பழையது புதியது என்ற பேதம் கிடையாது.

ஆனால் அவர் தொடர்ந்து சொன்னதுதான் எனக்கு முக்கியம். வாகனம் ஓடுகிற பாலத்துக்கு ஒரு கோப்பு இருக்கும். பேரிங் தேய்ந்தால், தளங்களுக்கு நடுவே இணைப்பு விலகினால், மேலே போகிறவனுக்கு உதறும், அவன் கத்துவான், யாராவது வந்து பார்ப்பார்கள். 2022இல் காவிரிப் பாலத்தைப் பழுதுபார்த்தது அப்படித்தான். நடக்கிறவனுக்கு எதுவும் உதறாது. அவன் பாலம் திடமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சூரியோதயத்தைப் பார்ப்பான். பாரத்தை இறக்குகிற அன்றே கோப்பும் மூடப்படுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாலத்தின் மேல் இருப்பது அன்பு மட்டும்தான். அன்பினால் ஒரு தூணுக்கும் கல் கொட்ட முடியாது.

இங்கிலாந்திலும் இதே விவாதம் நடக்கிறது. லண்டனில் ஹாமர்ஸ்மித் பாலம், பாஸல்ஜெட் வடிவமைத்தது, 1887இல் திறந்தது. அதன் இரும்பில் விரிசல் கண்டு 2019 ஏப்ரலில் மோட்டார் வாகனங்களை நிறுத்தினார்கள். 2020 ஆகஸ்டில் நடப்பவர்களையும் நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் ஜூலையில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் மட்டும் திறந்தார்கள். 2025லும் கார்கள் திரும்பி வரவில்லை. காற்று சுத்தமாயிற்று, அப்படியே விடுங்கள் என்கிறது ஒரு கட்சி. பஸ்ஸை நம்பியிருந்த கிழவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் என்ன செய்வார்கள் என்கிறது தென்கரை. செலவை யார் ஏற்பது என்று உள்ளூர் சபைக்கும் அரசாங்கத்துக்கும் வருஷக்கணக்கில் இழுபறி. ஆற்றின் பெயரை மாற்றிவிட்டால் எங்கள் டீக்கடைப் பேச்சு. ஒரு வித்தியாசம்: அங்கே நடப்பவர்களுக்கு விட்ட பிறகும் அதைத் தாங்கவைக்கப் பணம் செலவழித்துக்கொண்டே இருந்தார்கள். நடப்பவனும் ஒரு பாரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

லண்டன் என்றதும் பி.ஏ. ஆங்கிலம் படித்த யாருக்கும் வேறொரு பாலம் ஞாபகம் வரும். நடப்பவர்களின் கட்சிக்கு இலக்கிய சாட்சியாக என் நண்பர் கொண்டுவந்தது வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் மேல் வேர்ட்ஸ்வொர்த் எழுதிய ஸானெட். விடிகாலை, அசைவில்லாத நகரம், தனியாக நிற்கிற கவிஞன். எங்கள் பாடப் புத்தகம் எங்களுக்குக் கொடுத்த சித்திரம் இதுதான். ஆனால் அவருடைய தங்கை டோரதியின் நாட்குறிப்பைப் பார்த்தால் விஷயம் வேறு. 1802 ஜூலைக் கடைசியில் அண்ணனும் தங்கையும் டோவர் போகும் கோச்சு வண்டியில் ஏறி அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறார்கள். கவிதையின் தலைப்பில் இருக்கிற செப்டம்பர் 3 என்ற தேதியும் அன்றைய தேதி அல்ல. நம் நிசப்தத்தின் மாதிரிக் கவிதையே நாலு பேரோடு டிக்கெட் வாங்கிப் போன ஒரு வண்டியின் மேலிருந்து பார்த்ததில் தொடங்கியது. அந்தப் பாலமும் இப்போது இல்லை. 1862இல் திறந்த வேறொன்று அந்த இடத்தில் இருக்கிறது. இதனால் கவிதை பொய்யாகிவிடவில்லை. பார்ப்பதற்கு வண்டியை விட்டு இறங்கியே ஆக வேண்டும் என்ற நம் சௌகரியமான நம்பிக்கைதான் பொய்யாகிறது.

இந்த நம்பிக்கைக்கு நம் எழுத்திலும் வேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். முப்பது நாற்பது வருஷங்களாக நாம் கவிதையின் மேலிருந்து பாரங்களை இறக்கிக்கொண்டே வந்திருக்கிறோம். பிரசாரத்தை இறக்கினோம், யாப்பை இறக்கினோம், கதையை இறக்கினோம், கடைசியில் வாசகனையும் இறக்கினோம். பலவற்றை இறக்கத்தான் வேண்டியிருந்தது; அதில் எனக்குத் தகராறு இல்லை. மிச்சமிருக்கிற வெற்றுத் தளத்தில் நாம் இருநூறு பேர் சாயங்காலம் உலாவி ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கிறோம். காற்று நன்றாக வருகிறது. கீழே மணல் போய்க்கொண்டிருப்பதைச் சொல்ல மேலே உதறல் ஒன்றும் இல்லை. ஒரு படைப்பின் மேல் எவ்வளவு பாரம் போகலாம் என்று கேட்பது விமர்சனம். பாரமே கூடாது என்பது விமர்சனத்திலிருந்து விடுப்பு எடுத்துக்கொள்வது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பழைய காவிரிப் பாலத்தில் கார்களை நிறுத்தலாம். அதில் எனக்குத் தயக்கம் கிடையாது. சொந்தக் கார் வைத்திருப்பவன் சுற்றிப் போகட்டும். ஆனால் ஒன்றாம் நம்பர் பஸ் அதன் மேல் போக வேண்டும், பூமூட்டை போக வேண்டும், ஆம்புலன்ஸ் போக வேண்டும். ஓரத்தில் நடப்பவர்களுக்கு இப்போது இருப்பதைப் போல மூன்று மடங்கு இடம் வேண்டும். நெடுஞ்சாலைத் துறையில் அதன் கோப்பு திறந்தே இருக்க வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் ஒருவர் இறங்கித் தூண்களின் அடியைப் பார்த்து எழுதிவைக்க வேண்டும். கவிஞ நண்பரிடம் இதைச் சொன்னேன். பஸ் போனால் நிசப்தம் போய்விடுமே என்றார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் போகும், நடுவில் நாலு நிமிஷம் இருக்கிறது என்றேன். அது போதாது என்கிறார். எங்களுக்குள் விவாதம் முடியவில்லை.