ஆரக்கம்பியும் அளவுகோலும்

மாட்டுவண்டிச் சக்கரமும் மிதிவண்டிச் சக்கரமும் உருவால் ஒன்றெனத் தோன்றினும் இயல்பால் வேறானவை. மரச் சக்கரத்தின் ஆரக்கால்கள் தூண்களைப் போல் நின்று பாரத்தைத் தாங்குகின்றன. மிதிவண்டியின் மெல்லிய கம்பிகளோ தூணாக நிற்கும் வலுவற்றவை. இழுத்துக் கட்டப்பட்ட அவற்றின் இறுக்கமே சக்கரத்தின் வலிமை. 1874ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளை நேர் ஆரமாக நிறுத்தாமல் குடத்தின் விளிம்பிலிருந்து சாய்த்துக் கட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் பெரும்பாலான மிதிவண்டிகள் அம்முறையிலேயே ஓடுகின்றன.

அம்பத்தூர் மக்களுக்கு இச்செய்தி அயலானதன்று. 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தால் மிதிவண்டியோடு பெயர் இணைந்த ஊர் இது. 1960களில் தொழிற்பேட்டை எழுந்தபின் லேத் பட்டறைகளும் பிரஸ் பட்டறைகளும் இங்கே பெருகின. அத்தகைய பட்டறையொன்றில் பல்லாண்டுகள் உழைத்து, பின்னர் ஆவடிப் பக்கம் சைக்கிள் கடை வைத்த பெரியவர் ஒருவரை நாம் அறிவோம்.

வீல் பெண்டு எடுப்பதில் அவருக்கு இணை அவரே. கம்பியை விரலால் சுண்டி, எழும் ஒலியைக் கொண்டே அதன் இறுக்கத்தை உணர்வார். ஒரே நீளமுள்ள கம்பியின் இறுக்கம் நான்கு மடங்கானால் அதிர்வெண் இரு மடங்காகும் என்பது இயற்பியல். அவர் அதனை ஏட்டில் கற்றவரல்லர், செவியால் கற்றவர். ஆயின், பிரஸ் இயந்திரங்களின் ஓயாத இரைச்சல் அச்செவியை மெல்ல மந்தமாக்கிவிட்டிருந்தது. "கம்பி பேசத்தான் செய்யுது தம்பி, எனக்குத்தான் கேக்கல" என்று ஒருநாள் அவர் கூறியபோது நமக்கு மறுமொழி தோன்றவில்லை. இறுக்கம் சீரற்ற சக்கரத்தில் தளர்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் நெகிழ்ந்து, நாளடைவில் வளைவிலே முறியும். முறிந்த கம்பிகளோடு வண்டிகள் திரும்பி வரலாயின. அவர்தம் பிழைப்பே ஆட்டங்கண்டது.

செவிக்கு மாற்றாகக் கண்ணுக்குத் தெரியும் கருவியொன்றைச் செய்ய முனைந்தோம். பட்டை இரும்புத் துண்டொன்றில் பத்துச் சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசிகளை நாட்டினோம். நடுவே மூன்றாவது ஊசி. அதனை ஒரு சுருள்வில் கம்பியின் மேல் அழுத்தும். கம்பி எவ்வளவு வளைகிறது என்பதை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் பழைய டயல் கேஜ் உரைக்கும். இறுக்கம் மிகுந்தால் வளைவு குறையும்.

வளைவை அறிந்தால் மட்டும் இறுக்கம் விளங்கிவிடாது. கம்பிக்கும் தனக்கெனச் சிறிது விறைப்பு உண்டு. ஆதலால், கணக்கை நம்பாமல் எடையை நம்பினோம். கம்பியொன்றை உத்தரத்தில் தொங்கவிட்டு, அரிசிக் கடையில் இரவல் பெற்ற முத்திரையிட்ட எடைக்கற்களை 20, 40, 60, 80 கிலோ என ஏற்றி, ஒவ்வொன்றிலும் முள் நின்ற இடத்தைக் குறித்தோம். எடை ஏற ஏறக் குறிகளின் இடைவெளி சுருங்கியது. தடிமன் வேறான கம்பிக்கு அட்டவணையும் வேறு.

பெரியவர் முதலில் கருவியை ஐயத்தோடு நோக்கினார். பின்னர்ச் சக்கரமொன்றில் பொருத்தி, கம்பி கம்பியாக முள்ளைப் பார்த்து நிப்பிளைத் திருப்பினார். கியர் வண்டியின் பின்சக்கரத்தில் பற்சக்கரப் பக்கக் கம்பிகள் மறுபக்கத்தினும் இறுக்கமாக நிற்பதை முள் காட்டியதும், "அது அப்படித்தான் இருக்கணும்" என்று தலையசைத்தார். அறிவு அவரிடமே இருந்தது. கருவி அதற்கு வழிவிட்டது, அவ்வளவே. இப்போது அவர் கடையில் தொழில் பழகும் இளைஞன், முள்ளைப் பார்த்துவிட்டுக் கம்பியைச் சுண்டி ஒலியையும் பழகுகிறான்.

மாணவச் செல்வங்களே! செவியில் மட்டும் வாழும் கலை அச்செவியோடு மறையும். அளந்து குறித்து வைத்தால் அடுத்த தலைமுறைக்குக் கைம்மாறும். நும் தெருவிலும் இத்தகைய பெரியவர் ஒருவர் இருப்பார். நீவிர் கற்ற கல்வியோடு அவரிடம் செல்லுங்கள், கற்பிப்பதற்கன்று, கேட்பதற்கு.