மூச்சு வாங்கிய 4.3 கிலோமீட்டர்

வேலை நாள்களில் காலை ஆறு மணிக்கு நான் ஒலிவாங்கி முன் உட்கார்ந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரு நாள் தாமதமாகிவிட்டது. மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மூன்று மாடி படியேறி ஓடினேன். உட்கார்ந்ததும் வானிலைத் தகவல். “பிற்பகலில் இடியுடன் கூடிய மழை” என்ற நான்கு சொற்களுக்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு நேயரிடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி: “ஏம்மா, உடம்பு சரியில்லையா?”

சிரித்துக்கொண்டே “நலமே” என்று பதில் அனுப்பினேன். ஆனால் அப்பாவுக்கு முதல் நெஞ்சுவலி வந்தபோது அவருக்கு 45 வயது. எனக்கு இப்போது 36. அந்த வாரமே காலணி வாங்கினேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் பிடோக் நீர்த்தேக்கம். ஒரு காலத்தில் மணல் தோண்டிய பள்ளம் அது. 1986ல் நீர்த்தேக்கமாக மாறியது. சுற்றியுள்ள அடுக்குமாடிகளின் கூரையிலும் சாலையிலும் விழும் மழைநீர் கால்வாய் வழியாக இங்கு வந்து சேர்கிறது. 2017ல் டௌன்டவுன் பாதையில் இதே பெயரில் ரயில் நிலையம் திறந்த பிறகு வெளிவட்டாரத்துக்காரர்களும் ஓட வருகிறார்கள். நீரைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 4.3 கிலோமீட்டர். மாலை ஆறரைக்குத் தொடங்கினால் பாதிச் சுற்றில் வெயில் தணிந்து, அக்கரை வீடுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக நீரில் தெரியும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. முதல் நாள் நான் எதையும் பார்க்கவில்லை. இருநூறு மீட்டரில் நெஞ்சு எரிந்தது. ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தள்ளுவண்டியில் பேரனை வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு சீனப் பாட்டி என்னைக் கடந்து போனார்.

எனக்கு அவமானமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூச்சு என் தொழில். வயிற்றிலிருந்து மூச்சை எடுக்க வேண்டும், வாக்கிய இடைவெளியில் சத்தமில்லாமல் எடுக்க வேண்டும், எடுத்ததைச் சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்று படிக்கும்போதே பழக்கிவிட்டார்கள். பதிவு செய்த நிகழ்ச்சியில் மூச்சுச் சத்தம் கேட்டால் அதைத் தேடிப் பிடித்து வெட்டிவிடுவோம். பத்து ஆண்டுகளாக மூச்சை மறைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ஓடும்போதும் அதையே செய்திருக்கிறேன் என்பது புரியச் சில வாரங்கள் பிடித்தன. வாயை மூடிக்கொண்டு, மூக்கால் கொஞ்சம் இழுத்து, உள்ளேயே பிடித்து வைத்திருக்கிறேன். மூக்கால்தான் மூச்சு விட வேண்டும் என்று யோகா வகுப்பில் கேட்டதும் மனத்தில் இருந்தது. பாய் விரித்து உட்கார்ந்திருக்கும்போது அது சரி. ஓட்டத்தில் வேகம் கூடக் கூட, தேவையான காற்று அந்த இரண்டு சிறு துளைகள் வழியே போதுமான அளவு வராது. வாயும் திறந்தாக வேண்டும். மேலும், ‘மூச்சு முட்டுகிறது’ என்று நாம் உணர்வதற்குப் பெரும்பாலும் உயிர்வாயுப் பற்றாக்குறை காரணமல்ல. உடலில் சேர்ந்துபோன கரியமில வாயுவை வெளியேற்றச் சொல்லி மூளை விரட்டுவதுதான் அந்த உணர்வு. நானோ வெளியே விடாமல் மேலும் மேலும் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதை.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டாலும் கால்கள் ஓடும்போது மறந்துபோகும். என்னைத் திருத்தியவர் பாதையில் எதிர்த்திசையில் விறுவிறுவென்று நடக்கும் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியிருப்பார். சுற்றுப் பாதை என்பதால் ஒரே மாலையில் இரண்டு முறைகூட எதிர்ப்படுவார். ஒருநாள் நின்று முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

“காலையில ரேடியோவுல பேசுற பொண்ணுதானே நீங்க?”

“ஆமா... ஐயா...” அவ்வளவுதான் வந்தது.

“பேசவே முடியலையே! அப்ப வேகம் அதிகம்மா. செய்தி வாசிக்கிற மாதிரி வாசிச்சுக்கிட்டே ஓடுங்க. எங்க மூச்சு அறுபடுதோ அங்க வேகத்தைக் குறைங்க.”

வேடிக்கையாகச் சொன்னார். நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் யாரும் அருகில் இல்லாத இடமாகப் பார்த்து, “நேயர்களுக்கு வணக்கம்” என்று தொடங்கினேன். ஒரு வாக்கியம் முழுதாக வரும் வேகம் எதுவென்று தேடினேன். அது ஓட்டமே இல்லை. வேகமாக நடப்பவர்கள்கூட என்னை முந்திப் போனார்கள். ஆனால் நான் நிற்கவில்லை. அந்த வேகத்தில் மூன்று அடிக்கு உள்ளே, மூன்று அடிக்கு வெளியே என்று மூச்சு தானாக ஒழுங்கானது. பாதை மேடேறும் இடத்தில் மூன்று இரண்டாகும். அங்கே வாயைக் குவித்து ‘ஹூ’ என்று சத்தமாகவே ஊதிவிடுவேன். முதலில் கூச்சமாக இருந்தது. சுற்றிலும் எல்லாரும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள் என்று கவனித்த பிறகு கூச்சம் போய்விட்டது.

எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. மழைக்கு முந்திய மாலைகளில் காற்று ஈரத் துணிபோல முகத்தில் ஒட்டும், வியர்வை காயாது. நேற்று வந்த வேகம் இன்று வராது. அன்று விலாவில் பிடித்துக்கொண்டால் கொஞ்ச தூரம் நடப்பேன். புகைமூட்டம் என்றால் வெளியே போவதே இல்லை. அதில் வீரம் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

முழுச் சுற்றை நிற்காமல் ஓட நான்கு மாதம் ஆனது. எடுத்த நேரம் 39 நிமிடம். இதை அலுவலகத்தில் சொன்னபோது, மாரத்தான் ஓடும் ஒலிப்பொறியாளர் மிகுந்த பண்போடு “நல்ல தொடக்கம் அக்கா” என்றார். அவர்தான் போன வாரம் என் பதிவைக் கேட்டுவிட்டு, “மூணு இடத்துல மூச்சு கேக்குது, வெட்டிடவா?” என்று கேட்டார். கேட்டுப் பார்த்தேன். ஒரு தாயின் கடிதத்தை வாசித்த இடம் அது. இரண்டை வெட்டச் சொன்னேன். ஒன்றை விட்டுவிடச் சொன்னேன்.

அன்று மாலை பெரியவர் மேட்டுப் பகுதியில் எதிர்ப்பட்டார். “எங்க, வாசிங்க பார்ப்போம்” என்றார். நின்று பேசாமல், ஓடியபடியே காலையில் வாசித்த வானிலைத் தகவலை முழுதாகச் சொல்லி முடித்தேன். மாலையில் மழை என்பதும் அதில் இருந்தது.

பின்னாலிருந்து குரல் வந்தது. “அது தெரிஞ்சும் குடை இல்லாம வந்திருக்கீங்களேம்மா!”

முதல் துளி அப்போதுதான் விழுந்தது. ரயில் நிலையம் இன்னும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது.