ஒரு எஸ், இரண்டு எஸ்

என் பேத்தி உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறாள். போன மாதம் பேச்சுவாக்கில் நான் "ஆ தே என்" என்று சொல்லிவிட்டேன். "தாத்தா, அது டி.என்.ஏ." என்று சிரித்தாள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவனுக்கு அது ஆ தே என் தான். ஆர்.என்.ஏ.வும் ஆ எர் என். அமிலம் என்ற சொல் அந்த மொழியில் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும், எழுத்துகள் திரும்பிவிடும். பொருள் ஒன்றுதான்.

அந்தப் பேச்சில்தான் எஹூத் ஷாபிரோ என்பவரைப் பற்றிச் சொன்னாள். பிறகு நானே தேடிப் படித்தேன். இஸ்ரேலின் ரெஹோவோத் ஊரில் வைஸ்மன் ஆய்வு நிலையத்தில் இருந்த கணினி விஞ்ஞானி. உயிரியல் படித்தவர் அல்ல. தர்க்க முறையில் நிரல் எழுதும் புரோலாக் துறையில் பெயர் எடுத்தவர். நடுவில் இணைய நிறுவனம் ஒன்று தொடங்கி, 1995-இல் அதை அமெரிக்க ஏ.ஓ.எல். நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, ஆய்வு நிலையத்துக்கே திரும்பியவர். திரும்பி வந்து எடுத்துக்கொண்ட வேலைதான் வியப்பு: மூலக்கூறுகளாலேயே ஒரு கணினி. 2001-இல் பெனென்சன் என்ற மாணவரும் மற்றவர்களுமாகச் சேர்ந்து செய்து காட்டினார்கள். ஒரு சொட்டு நீரில் ஒரு லட்சம் கோடி இயந்திரங்கள்!

அது வேலை செய்யும் விதத்தைப் பேத்தி படம் போட்டுக் காட்டினாள். ஃபோக்-1 என்று ஒரு நொதி. டி.என்.ஏ. இழையில் 5 எழுத்துள்ள ஓர் அடையாளத்தைக் கண்டால் அங்கே உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அங்கே வெட்டாது. ஒரு பக்க இழையை 9 எழுத்து தள்ளியும், எதிர்ப்பக்க இழையை 13 எழுத்து தள்ளியும் வெட்டும். வெட்டின இடத்தில் 4 எழுத்து துருத்திக்கொண்டு நிற்கும். அதற்குப் பொருந்தும் வேறொரு துண்டு வந்து ஒட்டும். அடுத்த வெட்டு எங்கே என்பதை அந்தத் துண்டு தீர்மானிக்கும். இப்படி வெட்டி வெட்டி, முன்னால் இருக்கும் இழையைக் கடைசிவரை படித்துவிடும்.

எனக்கு உடனே பிடிபட்டது. 34 வருடம் நான் பார்த்த வேலை அதுதானே! கோப்பின் முதல் தாளைப் பார், சரியாக இருந்தால் புரட்டு, அடுத்த தாளைப் பார்.

2004-இல் அவர்கள் இன்னொரு படி போனார்கள். டி.என்.ஏ.வை ஆவண அறையில் இருக்கும் மூலப் பதிவேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வெளியே போகும் நகல்தான் தூது ஆர்.என்.ஏ. எந்தப் பக்கத்துக்கு எத்தனை நகல் போகிறது என்று எண்ணினால் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். புராஸ்டேட் புற்றுநோய்க்கு அவர்கள் 4 மரபணுக்களை எடுத்துக்கொண்டார்கள். இரண்டின் நகல் குறைந்திருக்க வேண்டும், இரண்டின் நகல் கூடியிருக்க வேண்டும். (புராஸ்டேட் தொல்லை எனக்கும் உண்டு என்பதால் இந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன்.) இயந்திரம் 'ஆம்' என்ற நிலையில் தொடங்கும். நான்கையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கும். எல்லாம் பொருந்தினால் கடைசியில் பூட்டி வைத்திருக்கும் மருந்துத் துண்டை அவிழ்த்துவிடும். நடுவில் ஏதாவது ஒன்று பொருந்தாவிட்டால் 'இல்லை' நிலைக்குப் போய்விடும். அங்கிருந்து 'ஆம்' நிலைக்குத் திரும்பவே வழி கிடையாது. இதெல்லாம் சோதனைக் குழாயில்தான், மனித உடம்பில் அல்ல.

'இல்லை'யிலிருந்து திரும்ப வழி கிடையாது என்ற இடத்தில் நான் நிறுத்திவிட்டேன்.

எண்பதுகளில் குடும்ப ஓய்வூதியக் கோப்பு ஒன்று என் மேசைக்கு வந்தது. காவலாளி வேலை பார்த்து இறந்துபோனவர். அவர் பெயரை ராமசாமி என்று வைத்துக்கொள்வோம். பணிப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் ஒரு எஸ். பிரெஞ்சுக் காலத்து எத்தா சிவில் பிறப்புப் பதிவில் இரண்டு எஸ். பிரெஞ்சில் இரண்டு உயிரெழுத்துக்கு நடுவில் ஒற்றை எஸ் வந்தால் 'ஸ' ஒலி இருக்காது, 'இஸட்' ஒலி வந்துவிடும். அதனால்தான் இரண்டு போடுவார்கள். இது அந்த அலுவலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். தெரிந்தும் 'பெயர் வேறுபாடு' என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். விதி அப்படி. ஒருவரே என்று சான்று வாங்கி வரச் சொன்னேன். வாங்கி வந்தார்கள். அதில் முத்திரை சரியில்லை. மறுபடியும் திருப்பினேன். எட்டு மாதம் ஓடியது.

அந்த அம்மாள் பாகூர் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். மூன்றாவது தடவை வந்தபோது காதில் தோடு இல்லை. "ஐயா, ஒரு எஸ்ஸும் எங்க வீட்டுக்காரருதான், ரெண்டு எஸ்ஸும் எங்க வீட்டுக்காரருதான்யா" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஷாபிரோவின் குழாயில் ஒரே ஓர் இயந்திரம் முடிவு எடுப்பதில்லை. கோடிக்கணக்கானவை ஒரே நேரத்தில் படிக்கின்றன. ஒவ்வொரு அடையாளத்துக்கும் 'ஆம்' சொல்லும் துண்டும் இருக்கும், 'இல்லை' சொல்லும் துண்டும் இருக்கும். ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒன்று கூடும், ஒன்று குறையும். அதோடு, இயந்திரங்களில் ஒரு வகை 'ஆம்' என்று முடிந்தால் மருந்தை விடும். இன்னொரு வகை 'இல்லை' என்று முடிந்தால் மருந்தை முடக்கும் துண்டை விடும். இரண்டும் கலந்து, எது மிஞ்சுகிறதோ அதுதான் முடிவு. ஒரு இயந்திரம் தப்பாகப் படித்துவிட்டால் குடி முழுகிப் போகாது. இதை யோசித்தவர் நிரல் எழுதியே பழகினவர், உயிரியலுக்குப் பிற்பாடு வந்தவர் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

"உங்க ஆபீஸ்ல இந்த மாதிரி கிடையாதா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். என் மேசையில் நான் ஒருவன்தான் என்றேன். அந்த அம்மாள் கதையை அவளிடம் சொல்லவில்லை.

ஓய்வூதியம் கடைசியில் கிடைத்தது, நிலுவையோடு. படிவத்தை நிரப்ப அந்த அம்மாள் தன் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பத்து, பன்னிரண்டு வயதிருக்கும். தந்தை பெயர் எழுதும் இடத்தில் பேனாவை நிறுத்தி அவன் என்னைப் பார்த்தான்.

"எத்தனை எஸ் போடணும் சார்?"

ஒன்று போதும் என்றேன்.